கடன் ஏடு யாருடைய சொத்து?

ஜனாஸாத் தொழுகை தொடங்குமுன் மையித்தின் மகனோ உடன்பிறந்தவரோ ஸஃப்புக்கு முன்னால் வந்து நின்று ஓர் அறிவிப்புச் செய்வதை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். "எங்கள் தகப்பனார் உங்களில் எவருக்காவது கொடுக்க வேண்டியது இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்பதே அது. கடன்பட்டு இறந்த ஒருவருக்கு, அக்கடனை வேறொருவர் ஏற்றுக்கொள்ளும் வரையில், நாயகம் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் தாமே தொழ வைக்க முன்வரவில்லை என்ற வரலாற்றை அறிந்த சமுதாயம் நாம். ஆகவே இந்த அறிவிப்பு நம்மிடையே நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

ஆனால் இதற்கு மறுபக்கமான அறிவிப்பை நாம் கேட்டதில்லை. "எங்கள் தகப்பனாருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொண்டு வாருங்கள்" என்று மையித்தை வைத்துக்கொண்டு எந்த மகனும் சொல்வதில்லை. சொல்வது அழகும் அல்ல. ஆயினும் வியாபாரி ஒருவர் மவுத்தாகும்போது இரண்டு கணக்குகளையும் விட்டுச் செல்கிறார். கொடுக்க வேண்டிய கணக்கைப் பற்றி மார்க்க அறிஞர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். வர வேண்டிய கணக்கைப் பற்றி, அதிலும் அதனை மன்னிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பற்றி, வியாபாரிகளாகிய நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

நாம் நேரில் கண்ட ஒரு விஷயத்தை முதலில் கூறுகிறோம். பேராக் மாநிலத்தின் ஒரு சிறு பட்டணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்திவந்த அன்பர் ஒருவர் 2017ஆம் ஆண்டில் காலமானார். தோட்டத் தொழிலாளரும், கம்பத்து மலாய்க்காரரும், அரசாங்கத்தில் கீழ்நிலை வேலை பார்த்தவர்களும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். சம்பள நாளில் கணக்கைத் தீர்ப்பதாகச் சொல்லிச் சாமான் வாங்கிப் போவார்கள். அவர் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு 555 புத்தகம் வைத்திருந்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சிறு புத்தகத்தைப் பற்றி இந்நாட்டில் கடை வைத்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கத்தம் ஓதி முடிந்த பின்னர் மக்கள் கல்லாப் பெட்டியைத் திறந்தார்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய 41 புத்தகங்கள் இருந்தன. கூட்டிப் பார்த்ததில் வரவேண்டியது ஏறத்தாழ 18,000 வெள்ளி. மொத்த வியாபாரிகள் இருவருக்கு, அதில் ஒருவர் சீனத் தவுக்கே, அத்தா கொடுக்க வேண்டியது 9,200 வெள்ளி. மனைவி, இரண்டு ஆண் மக்கள், பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை ஆகியோரே வாரிசுகள்.

மூத்தவர் சொன்னார்: "இந்தப் புத்தகங்களைக் கொளுத்திவிடலாம். எல்லாரும் இல்லாதவர்கள். அத்தாவுடைய கபுருக்கு வெளிச்சமாகட்டும்." இளையவர் சொன்னார்: "ஒரு காசு விடக் கூடாது. அத்தா விடியற்காலையில் கடை திறந்து நடுச்சாமத்தில் அடைத்துச் சேர்த்த பணம் இது." சகோதரர் இருவருக்கும் பேச்சு தடித்தது. உம்மா அழுதார்கள். பிறகு சங்கத்துப் பெரியவர்கள் சிலரை அழைத்துக் கலந்தார்கள், நாமும் உடனிருந்தோம்.

அங்கு கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் மூத்தவர் பக்கமே சாய்ந்தார்கள் என்பதை மறைக்காமல் கூறுகிறோம். மன்னிப்பது பெருந்தன்மை என்றும், கேட்பது கஞ்சத்தனம் என்றும் நம் மனம் பழகியிருக்கிறது. ஆனால் ஆற அமர யோசித்தபோது, கொளுத்துவோம் என்றவரும் விடமாட்டேன் என்றவரும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பது புலப்பட்டது. அந்த ஏடு யாருடைய சொத்து?

இக்கேள்விக்கு விடை காண, கடன் கொடுக்கும் வியாபாரி எதைக் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். நம் கடையின் அலமாரியில் அடுக்கியிருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மாவு யாவும் நம்முடையவை என்று வெளியே இருப்பவர் நினைக்கலாம். உள்ளே இருக்கும் நமக்கு உண்மை தெரியும். அவற்றில் பாதி, சில கடைகளில் பாதிக்கு மேல், முப்பது நாள் தவணையில் வந்த சரக்கு. ஆகவே நாம் கடனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கிலோ அரிசியிலும் மொத்த வியாபாரியின் பங்கு இருக்கிறது. மூட்டை தூக்கிய கடைப் பையனுடைய சம்பளமும் இருக்கிறது. இடத்துச் சொந்தக்காரரின் வாடகையும் இருக்கிறது. இவர்கள் எல்லாருக்கும் நாம் கொடுத்துத் தீர்த்த பின்னர் மிஞ்சுவதே நம்முடையது. நம்முடையதை மன்னிக்க நமக்கு முழு உரிமை உண்டு. பிறருடையதை மன்னிக்க நாம் யார்?

நாம் அறிந்த வேறொரு கடைக்காரர் இருந்தார். கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பார், திருப்பிக் கேட்கமாட்டார். ஊரெல்லாம் அவரை வள்ளல் என்றது. ஒரு நாள் கடை மூடப்பட்டது. ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோயிற்று. அவர்களுடைய தாய்மார் அங்கே மாதப் பணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அவரைப் புகழ்ந்தவர்கள் யார், நஷ்டப்பட்டவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அவருடைய ஈகைக்குரிய செலவை அந்த இரண்டு பிள்ளைகளே கொடுத்தார்கள் என்பது விளங்கும். அவர் கெட்டவர் அல்லர். இளகிய மனத்துடையவர். ஆனால் எவருடைய பணத்தில் இளகினோம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்படிச் சொல்வதால், கழுத்தில் துண்டைப் போட்டு வசூலிப்பதே நீதி என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். திருமறையில் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்க வேண்டும் என்றும், விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் நல்லது என்றும் போதிக்கிறது. அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளி வரும் 282ஆம் வசனமோ, கடன் சிறிதாயினும் பெரிதாயினும் சலிப்பின்றி எழுதிக்கொள்ளும்படி கற்பிக்கிறது. திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்லாமல் கடன் எழுதுவதைப் பற்றியது குர்ஆனின் மிக நீண்ட வசனமாக இருப்பதை வியாபாரிகளாகிய நாம் சற்றே நின்று கவனிக்க வேண்டும். மன்னிப்பும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. எழுதிவைத்தவனுக்கே தான் எதை மன்னிக்கிறோம் என்பது தெரியும்.

இனி, எவருக்குத் தவணை, எவரிடம் வசூல் என்பதைக் காண்போம். வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே கொடுக்க முடியாதவர் ஒருவர், கொடுக்க மனமில்லாதவர் ஒருவர். இவ்விருவரையும் எப்படிப் பிரித்தறிவது?

முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம் என்று நம்மில் பலர் சொல்வார்கள். "யோக்கியன் நேரே வந்து தவணை கேட்பான்; ஏமாற்றுக்காரன் நம் கடையைக் கண்டதும் எதிர் வரிசை ஐந்தடிப் பாதையில் ஏறிப் போய்விடுவான்" என்பது அவர்களுடைய கணக்கு. எங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறாகவும் இருந்திருக்கிறது. எதிர் வரிசையில் ஒதுங்கிப் போனவர் பல சமயங்களில் வெட்கத்தால் ஒதுங்கிய ஏழை. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "என்ன பாய், சௌக்கியமா?" என்று கேட்டு, இன்னும் இரண்டு சாமான் எழுதிக்கொண்டு போனவர் புதுக் கார் வாங்கியவராக இருந்ததும் உண்டு. வெட்கம் ஏழையிடம் அதிகம் என்பதை மறந்தால் நாம் தவறான ஆளையே தண்டிப்போம். ஆகவே வழி ஒன்றுதான். தனியாக, மற்றவர் காதில் விழாமல், நேரில் கேட்பது. "கொடு" என்று கேட்பதற்கு முன், "என்ன நிலைமை?" என்று கேட்பது. நபிமொழியில் வரும் ஒரு வியாபாரி, கஷ்டப்படுபவரைக் கண்டால் விட்டுவிடுங்கள் என்று தன் பணியாட்களிடம் சொல்லிவைத்தார். அதன் பொருட்டு அல்லாஹ்வும் அவரை மன்னித்தான் என்பது அந்தச் செய்தி. அவர் எல்லாரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. நிலைமையை விசாரித்தாலன்றிக் கஷ்டப்படுபவர் யார் என்பது அந்தப் பணியாட்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். மலாயாவின் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமும் சிங்கப்பூரின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும், சாதாரணக் கடனுக்கு ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கின்றன. ஆறு ஆண்டு கடந்தால் கோர்ட்டுக் கதவு அடைபடும். அதனால் கடன் தீர்ந்துவிட்டதாகுமா? கேட்பவனுடைய வழி அடைபட்டதே தவிர, கொடுக்க வேண்டியவனுடைய கடமை அடைபடவில்லை.

நம் பாட்டன்மார் இதைவிடக் கடுமையான சோதனையைக் கண்டவர்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் வாழைமர நோட்டுப் புழங்கியது. அதற்கு முன்னர் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனைச் சிலர் நாளுக்கு நாள் மதிப்பிழந்த அந்த நோட்டில் திருப்பிக் கட்டினார்கள். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர் திரும்பி வந்தபோது அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. எது செல்லும், எது செல்லாது என்று தீர்ப்பதற்காக 1948இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அச்சட்டம் போருக்கு முந்திய கடனை அந்த நோட்டில் கட்டியதைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது. சட்டப்படி கணக்குத் தீர்ந்தது. ஆனால் பத்து மூட்டை அரிசி வாங்கி ஒரு படி அரிசியின் விலையைக் கொடுத்தவன் தன் மனத்தில் அதைத் தீர்ந்ததாக வைத்துக்கொண்டானா என்பதைச் சட்டம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. அச்சடித்த நாணயம் செல்லாமற்போன காலத்தில், மற்ற நாணயம் யாரிடம் இருந்தது என்பது வெளிப்பட்டது.

நம் காலத்திலும் ஒரு சோதனை வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூரிலும் கடைகள் அடைபட்டன. பினாங்கில் நாசிக் கண்டார் கடை வைத்திருப்பவரும், சிங்கப்பூரில் நாணய மாற்றுக் கடை நடத்துபவரும் ஒருசேரக் கையைப் பிசைந்து நின்றோம். அப்போது மலேசியாவில் வங்கிகள் சிறு வியாபாரிகளின் கடன் தவணையை ஆறு மாதம் தள்ளி வைத்தன. சிங்கப்பூர் அரசாங்கமும் சிறிது காலத்திற்கு ஒப்பந்த வழக்குகளிலிருந்து பாதுகாப்பளிக்கச் சட்டம் செய்தது. அவகாசம் என்பது என்ன அருமையான வஸ்து என்பதை வாங்குகிற இடத்தில் நின்று அன்று நாம் அறிந்தோம். அவகாசம் கடனை அழித்துவிடவில்லை. நம்மை அழியாமல் காத்தது. வாங்கியபோது இனித்தது, கொடுக்கும்போது கசக்கலாகாது.

இன்னொரு கேள்வியும் ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் கேட்கப்படுகிறது. "வராத கடன் ஆயிரம் வெள்ளி இருக்கிறது. அதை மன்னித்து, என் ஜக்காத்தில் கழித்துக்கொள்ளலாமா?" ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் பெரும்பான்மையான உலமாக்களின் முடிவு, அவ்வாறு கழிப்பது செல்லாது என்பதே. ஜக்காத்து என்பது கையிலிருப்பதை எடுத்துக் கொடுப்பது. கைவிட்டுப் போனதைக் கொடுத்ததாக எழுதிக்கொள்வது அல்ல. கடையில் விற்காமல் பூஞ்சை பிடித்த சரக்கைத் தர்மத்துக்கு ஒதுக்குகிறவனுக்கும், செத்த கடனை ஜக்காத்துக்கு ஒதுக்குகிறவனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. அவர் உண்மையில் ஏழையானால் ஜக்காத்தை நிபந்தனையின்றி அவர் கையில் கொடுக்கட்டும். அதிலிருந்து அவர் கடனைத் தீர்ப்பதும், பிள்ளைக்குச் சோறு வாங்குவதும் அவருடைய விருப்பம்.

இனி, முதலில் சொன்ன குடும்பத்துக்குத் திரும்புகிறோம். அன்று இமாம் அவர்கள் மார்க்கச் சட்டத்தின் வரிசையை எடுத்துச் சொன்னார்கள். அடக்கச் செலவு, பின்னர் கடன், பின்னர் மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து, அதன் பின்னரே வாரிசுகளின் பாகம். ஆகவே ஏட்டிலுள்ள 18,000 வெள்ளியில் முதல் உரிமை அந்த இரு மொத்த வியாபாரிகளுடையது. அவர்களுடைய 9,200 வெள்ளி தீரும்வரை மன்னிக்கும் உரிமை மக்களுக்குப் பிறக்கவே இல்லை. இரண்டாவதாக, பன்னிரண்டு வயதுத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பாகத்தை மன்னிக்க அவளுக்கு இன்னும் வயது வரவில்லை. அவள் சார்பில் மன்னிக்க உம்மாவுக்கோ அண்ணன்மாருக்கோ அதிகாரமில்லை.

இதைக் கேட்டு மூத்தவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்ன வார்த்தை இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது. "உண்மையைச் சொன்னால், அவர்களிடம் போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் கொளுத்திவிடலாம் என்றேன்." இளையவரும் தலை கவிழ்ந்து, "அத்தா சாகும் முன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர்களில் பலர் எட்டிப் பார்க்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு" என்றார். நாம் பெருந்தன்மை என்று நினைத்தது வெட்கமாகவும், நீதி என்று நினைத்தது கோபமாகவும் இருந்தன. எத்தனையோ கடைகளில் எத்தனையோ கணக்குகள் இந்த இரண்டினால்தான் முடிவு செய்யப்படுகின்றன என்பதை எண்ணி நாங்கள் எல்லோரும் மௌனமானோம்.

பிறகு சகோதரர் இருவரும் சேர்ந்தே வீடு வீடாகப் போனார்கள். புத்தகத்தைக் காட்டி, "அத்தாவின் கணக்கில் இவ்வளவு இருக்கிறது. முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லுங்கள்" என்றார்கள். வயது முதிர்ந்த மலாய் மக்சிக் ஒருவர், இவர்கள் போகுமுன்னரே 38 வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். சிலர் தவணை கேட்டார்கள். சிலர் அழுதார்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவர், தாம் வாங்கவே இல்லை என்று புத்தகத்தையே பொய்யாக்கினார். ஓராண்டில் வசூலானது 6,000 வெள்ளி. கடையிலிருந்த சரக்கை விற்று மீதி 3,200 வெள்ளியைச் சேர்த்து, மொத்த வியாபாரிகளின் கணக்கை ஒரு காசு பாக்கியின்றித் தீர்த்தார்கள். தவுக்கே அந்தக் கடைசிப் பணத்தை எண்ணாமலே பெட்டியில் போட்டுக்கொண்டாராம்.

வசூலாகாமல் நின்றது 12,000 வெள்ளி. அதில் உம்மாவின் பாகம் எட்டிலொன்றாகிய 1,500 வெள்ளி, மகன்கள் இருவருக்கும் ஆளுக்கு 4,200, தங்கைக்கு 2,100. உம்மா தம்முடையதை மன்னித்தார்கள். மகன்களும், இல்லாதவர் என்று நேரில் கண்டவர்களுடைய கடனில் தங்கள் பாகத்தை விட்டுவிட்டார்கள். தங்கையின் 2,100 வெள்ளியை மட்டும் இருவரும் தங்கள் கைப்பணத்திலிருந்து எடுத்து அவள் பெயரில் போட்டார்கள். பொய் சொன்னவருடைய கணக்கை மன்னிக்கவில்லை, வழக்கும் போடவில்லை. அந்தப் புத்தகம் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. அது சரியா என்று இளையவர் எங்களைக் கேட்டார். மன்னிப்பது உரியவருடைய விருப்பம். எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்று மட்டும் சொன்னோம். அதற்கு மேல் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை.

அன்பர்களே, இதிலிருந்து நாம் கைக்கொள்ளத் தக்கவை சில உண்டு. வரவேண்டியதை எழுதும் புத்தகத்துக்கு முன்னால், நாம் கொடுக்க வேண்டியதை எழுதும் பக்கம் ஒன்று இருக்கட்டும். மனைவியின் மஹர் பாக்கியிருந்தால் அதுவும் அந்தப் பக்கத்தில் ஏறட்டும். கடன் கொடுப்பதற்கு நம்முடைய சொந்த முதலைக்கொண்டு ஓர் அளவு வைத்துக்கொள்வோம். அந்த அளவைத் தாண்டும்போது, பிறர் பணத்தைக் கொடுக்கிறோம் என்று உணர்வோம். இப்போது பலர் கணக்கைக் கைத்தொலைபேசியில் வைத்திருக்கிறார்கள். அதன் திறவுச்சொல் நம்மோடு கபுருக்குப் போனால் இரு தரப்பாரின் ஹக்கும் அதோடு போகும். ஆகவே வீட்டில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, ரமலானுக்கு முன், ஏட்டைப் புரட்டி, நம்முடையதில் மன்னிக்க வேண்டியதை மன்னிப்போம். மன்னித்ததை அவரிடம் சொல்லியும் விடுவோம். நாம் மனத்துக்குள் மன்னித்து மறந்துவிட்டால், அவர் தம் மனத்தில் அதைச் சுமந்துகொண்டே எதிர் வரிசையில் நடப்பார்.

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். வாங்கியதும் கடன், செய்ய வேண்டியதும் கடன். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுப்பது கடன் என்றால், கொடுத்தவருக்கு யாருடையதைக் கொடுத்தோம் என்று அறிந்திருப்பது கடன். கணக்கு நாளில் ஏடுகள் விரிக்கப்படும்போது, மற்றவர் கணக்கில் தாராளமாயிருந்தவர்களாக அன்றி, நம் கணக்கில் தாராளமாயிருந்தவர்களாக நாம் எழுந்து நிற்க, வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.